இடது பக்கம் இழுக்குது

என் சகலையின் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. வயிற்றெரிச்சல்தான். இரண்டும் ஒன்றல்ல. கோபப்பட ஒரு காரணம் வேண்டும். நாலு வார்த்தை கத்தினால் தீர்ந்தும் போகும். வயிறு எரிவதற்கு எதிராளி நல்லவனாக இருந்தாலே போதும். என் சகலை ரொம்ப நல்லவன்.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன் அவன். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரங்களை வீடு வீடாகப் போய் விற்கும் வேலை. முன்பின் தெரியாத வீட்டுக்குள் நுழைந்து கால் மணி நேரத்தில் அங்கிருப்பவர்களைச் சிரிக்க வைத்துவிடுவான். நான் வீல் அலைன்மென்ட் பார்ப்பவன். நாள் முழுக்க காருக்கு அடியில் பள்ளத்தில் நின்று சக்கரங்களோடு பேசுகிறவன். சக்கரங்களைச் சிரிக்க வைக்க வேண்டிய தேவை இதுவரை வந்ததில்லை.

என் மகளின் பதின்மூன்றாவது பிறந்தநாளுக்கு அவன் டிவியில் மாட்டி ஆடும் புது வீடியோ கேம் பெட்டி ஒன்று வாங்கி வந்தான். அதற்கு முன் நான் வாங்கித் தந்திருந்த பழைய பெட்டி பரணுக்குப் போனது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி ஆனால் போதும், வாசலில் அவன் குரல் கேட்கும். "சுண்டு, ரெடியா?" பிறந்தபோது சுண்டுவிரல் அளவுதான் இருந்தாள் என்று என் மனைவி வைத்த செல்லப்பெயர் அது. மைத்துனி அக்காவிடம் பேச அடுப்படிக்குப் போவாள். அவன் நேரே டிவிக்கு முன்னால் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்காருவான். நான் நாற்காலியில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு, அதன் மேல்விளிம்பு வழியாக இரண்டு முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவர்கள் ஆடுவது கூடைப்பந்து. அதில் ஏழாம் நம்பர் சட்டை போட்ட ஒருவன் வருவான். மற்றவர்களின் தோளுக்குக்கூட எட்டமாட்டான், இடதுகைக்காரன், ஆனால் அவன்தான் நட்சத்திரம். அவனுக்கென்றே ஒரு வித்தை உண்டு. வலது பக்கம் பாயப்போவது போலத் தோளைக் காட்டுவான். தடுப்பவன் அந்தப் பக்கம் சாய்ந்ததும் பந்தைக் காலிடுக்கில் தட்டி, இடது பக்கமாகப் பின்வாங்கி, ஒரு குதி குதித்துக் கூடையில் போட்டுவிடுவான். "வலது பக்கம் கதவைத் தட்டிட்டு இடது பக்கம் ஜன்னல் வழியாப் போயிடறான் பாரு, களவாணிப் பய," என்று என் சகலை ஒருநாள் சொன்னான். அன்று முதல் அதற்குப் பெயர் 'கதவு ஜன்னல்'. "சித்தப்பா, கதவு ஜன்னல்!" என்று இவள் கத்துவாள். அவன் விரல் ஏதோ செய்யும். பந்து கூடைக்குள் விழும். இருவரும் உள்ளங்கையை உள்ளங்கையோடு தட்டிக்கொள்வார்கள். என் பேப்பரில் அந்தப் பக்கம் பூராவும் எழுத்து மங்கிப்போகும்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது ஒரே ஒரு சொல்லால்தான். என் மகள் உலகத்தில் என்னையும் அவள் அம்மாவையும் மட்டும்தான் 'நீ' என்பாள். மற்ற பெரியவர்கள் எல்லோரும் 'நீங்க'. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என் சகலையைப் பார்த்து, "நீ சும்மா இரு சித்தப்பா, நான் போடறேன்," என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அதே நாள் மத்தியானம் நான் ஏதோ கேட்டதற்கு, "உங்களுக்கு இது புரியாதுப்பா, நீங்க பேப்பர் படிங்க," என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அந்த மரியாதையை எந்தக் குப்பைத்தொட்டியில் போடுவதென்றுதான் எனக்குத் தெரியவில்லை.

இந்த நேரத்தில்தான் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு விண்ணப்பப் படிவம் வந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் குடியிருப்பை ஒட்டிய விளையாட்டு அரங்கில் அதே கூடைப்பந்து வீடியோ கேமுக்குப் போட்டி. அணிக்கு இரண்டு பேர்: ஒரு பிள்ளை, அந்தப் பிள்ளையின் வீட்டுப் பெரியவர் ஒருவர். மேலே என் மகளின் பெயர், பிறந்த தேதி, பள்ளி எல்லாம் அவள் கையெழுத்தில் நிரம்பியிருந்தன. அதற்குக் கீழே 'உடன் ஆடும் பெரியவர்' என்று ஒரு கோடு. 'உறவுமுறை' என்று இன்னொரு கோடு. இரண்டும் காலி.

"என்ன, ஃப்ரிட்ஜை முறைச்சுக்கிட்டே நிக்கிறீங்க?" என்றாள் என் மனைவி. "உள்ள பால்தான் இருக்கு. நீங்க முறைக்கிற முறைப்புல அது திரிஞ்சிடப் போகுது."

"இதுல யார் பேரை எழுதப் போறாளாம்?"

"அவளைக் கேளுங்க. எனக்கென்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

கேட்டேன். "இன்னும் யோசிக்கலப்பா," என்றாள் மகள். கண் என்னைப் பார்க்கவில்லை.

"ஏன், நான் ஆடக்கூடாதா?"

"உங்களுக்கு ஏழாம் நம்பர் யாருன்னே தெரியாதே."

"இடதுகைக்காரன். குள்ளன். கதவு ஜன்னல்," என்றேன். அவள் புருவம் ஏறியது. அந்தத் தெம்பில் வாயை விட்டேன். "படிவம் கொடுக்க இன்னும் மூணு வாரம் இருக்குல்ல? கடைசி ஞாயித்துக்கிழமை நானும் உன் சித்தப்பாவும் ஆடறோம். ஜெயிக்கிறவங்க பேரை எழுது."

"நிஜமாவா?" என்றாள். அவள் முகத்தில் வந்தது சந்தோஷமா, பரிதாபமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் காலை பரணில் ஏறிப் பழைய பெட்டியை இறக்கினேன். பக்கத்திலேயே கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலர் ஒன்று கிடந்தது. அதன் நெற்றியில் மருந்துக்கடை வெள்ளை டேப்பை ஒட்டி, பேனாவால் 'அப்பா' என்று எழுதியிருந்தது. வாங்கிய புதிதில் மகள் எழுதியிருப்பாள். என் பெயர் எழுதிய பொருளை நான் எடுத்தால் யார் கேட்பது? கன்ட்ரோலரைச் சாப்பாட்டுப் பையில் போட்டு, பெட்டியையும் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.

எங்கள் பட்டறையில் வாடிக்கையாளர்கள் காத்திருக்க ஒரு கண்ணாடி அறை உண்டு. அதில் ஒரு டிவியும் உண்டு. மத்தியானம் ஒன்றிலிருந்து ஒன்றே முக்கால் வரை அந்த அறை காலி. அதுதான் எனக்குப் பள்ளிக்கூடம். எதிராளி இல்லாமல் தனியாகப் போட்டுப் பழக அந்த ஆட்டத்திலேயே ஒரு வழி இருந்தது. கன்ட்ரோலரில் இரண்டு குட்டிக் குச்சிகள் இருக்கும். இடது கட்டைவிரல் குச்சி ஆளை ஓட்டும். வலது கட்டைவிரல் குச்சி பந்தைத் தட்டும். வலது பக்கப் பொத்தான்கள் கூடைக்குப் போடும். முதல் நாள் ஏழாம் நம்பர் கோட்டைத் தாண்டி வெளியே ஓடிக்கொண்டே இருந்தான். எந்நேரமும் இடது பக்கம். நான் சும்மா இருந்தால்கூட அவன் இடது பக்கம் நகர்ந்தான்.

"இடதுகைக்காரன்ல, அந்தப் பக்கம்தான் போவான்," என்று பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வெயிட்டிடம் விளக்கினேன். வெயிட்டு என்பது என்னோடு வேலை பார்ப்பவர். சக்கரத்துக்கு ஈயத்துண்டு ஒட்டி பேலன்ஸ் பார்க்கிறவர். அவரே ஒரு லாரி டயர் கனம் இருப்பார். "பெரிய ஆட்டக்காரனுங்க எல்லாருக்கும் இப்படி ஒரு குணம் இருக்கும். நாமதான் அனுசரிச்சுப் போகணும்."

அனுசரித்தேன். இடது கட்டைவிரலை எப்போதும் கொஞ்சம் வலது பக்கம் அழுத்திப் பிடித்தால் அவன் நேராக ஓடினான். ஜன்னலுக்கு இடது பக்கம் தள்ளவே வேண்டாம்; அழுத்தத்தை விட்டால் போதும், அவனே பின்வாங்கிப் பறந்தான். பத்து நாளில் பத்துக்கு நாலு கூடையில் விழுந்தது. இரண்டாம் வாரக் கடைசியில் பத்துக்கு ஆறு.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்று யாரும் உடனே வருவதில்லை. ஸ்டீயரிங்கைக் கோணலாகப் பிடித்தே வருடக்கணக்கில் ஓட்டுவார்கள். கேட்டால், பழகிப்போச்சு என்பார்கள். சக்கரத்தை நேராக்கி அனுப்பினால் மறுநாள் திரும்பி வருவார்கள். அந்த வாரம்கூட ஒரு டீச்சரம்மா வந்து சண்டை போட்டார். "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு. நீங்க கை வச்சப்புறம்தான் வலது பக்கம் இழுக்குது!"

"வண்டி நேராத்தாம்மா போகுது," என்றேன். "உங்க கைதான் இழுக்குது. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

அவர் நம்பாத முகத்தோடு போனார். யாரும் நம்புவதில்லை. அவர் போன பின் நானும் வெயிட்டும் சிரித்தோம். பிறகு நான் கண்ணாடி அறைக்குப் போய்க் கட்டைவிரலை வலது பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மூன்றாம் வாரம் எனக்கு வேறு நினைப்பே இல்லை. டயரின் தேய்மானத்தைப் பார்க்கக் குனிந்தால் என் சகலையின் முகம் தெரிந்தது. தோற்ற பிறகு அவன் முகம் எப்படித் தொங்கும், அப்போதும் சிரிப்பானா, அவன் சிரிப்பதற்குள் நான் என்ன சொல்ல வேண்டும் என்றெல்லாம் ஒத்திகை பார்த்தேன். 'பரவாயில்ல சகலை, அடுத்த தடவை பார்த்துக்கலாம்' என்பதை நாலு விதமான குரலில் சொல்லிப் பார்த்தேன். சனிக்கிழமை பத்துக்கு எட்டு விழுந்தது. வெயிட்டு சாப்பாட்டுக் கையோடு எழுந்து நின்று, "அண்ணே, வித்தை கைக்கு வந்துடுச்சு!" என்றார். அன்று மாலை வீட்டுக்கு நடந்த நடையில் நானே ஏழாம் நம்பர்.

ஞாயிற்றுக்கிழமை. பத்து மணி. "சுண்டு, ரெடியா?"

"இன்னைக்கு நான் ரெடி," என்றேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். முட்டி இரண்டும் சத்தம் போட்டன. மனைவியும் மைத்துனியும் அடுப்படி வாசலில் வந்து நின்றார்கள். நடுவர் என் மகள்.

"அண்ணா, இதை வச்சுக்குங்க, இதுதான் நல்லது," என்று என் சகலை தன் கையில் இருந்த கன்ட்ரோலரை என்னிடம் நீட்டினான். "ஏழாம் நம்பரும் நீங்களே எடுத்துக்குங்க. நான் யாரையாவது வச்சுச் சமாளிச்சுக்கறேன்." பார்த்தீர்களா? இதைத்தான் சொன்னேன். ஒரு மனிதன் மேல் கோபப்பட இப்படி வழியே இல்லாமல் செய்தால் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

பந்து என் கைக்கு வந்தது. ஏழாம் நம்பர் இரண்டு தட்டு தட்டினான். பிறகு நேரே வலது பக்கம் நடந்து கோட்டுக்கு வெளியே போய் நின்றான்.

விசில்.

"பரவாயில்லண்ணா, புதுசுல அப்படித்தான்," என்றான் சகலை.

அடுத்த முறை கதவைத் தட்டினேன். தட்டிய வேகத்தில் கதவிலேயே போய் மோதினேன். ஜன்னல் திறக்கவே இல்லை. அழுத்தத்தை விட்டேன், அவன் அசையாமல் நின்றான், என் சகலையின் ஆள் பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். மறுபடி தட்டினேன். மறுபடி கதவு. எட்டுக்கு பூஜ்யம். பதினாலுக்கு ரெண்டு. அந்த இரண்டும் அவன் விட்டுக்கொடுத்தது, எனக்குத் தெரியாதா? வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. மைத்துனி உள்ளே போய்விட்டாள். அவளுக்கும் பார்க்கச் சகிக்கவில்லை போலிருக்கிறது.

"இதுல ஏதோ கோளாறு இருக்கு," என்றேன்.

"அண்ணா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்," என்று சகலை என் தொடையில் தட்டிச் சிரித்தான். வேடிக்கைக்குத்தான் சொன்னான்.

"கோணல்தான்யா!" என்று கத்தினேன். "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு. இதுதான் வலது பக்கம் இழுக்குது!"

சொல்லி முடித்ததும் என் காதில் டீச்சரம்மாவின் குரல் கேட்டது. அதே சொற்கள். அதே ஆத்திரம். பன்னிரண்டு வருடமாக ஊரார் கையைக் குறை சொன்னவன், என் கட்டைவிரலைக் குனிந்து பார்த்தேன். அது இன்னமும் வலது பக்கம் சாய்ந்து அழுத்திக்கொண்டிருந்தது. கூடம் நேராகத்தான் இருந்தது. நான்தான் கோணல் கூடத்தில் ஆடப் பழகியவன்.

என் மகளும் என் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா," என்றாள் மெதுவாக. "நீ பழசுலயா பழகினே?"

நீ என்றாள். தோற்றுக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் அது என் காதில் தனியாக விழுந்தது.

"அதுல இருக்கிற ஏழாம் நம்பர்தான் இப்படி ஓடுவான்," என்றாள். "வலது பக்கமா அமுக்கிக்கிட்டே இருக்கணும். விட்டா ஜன்னல் வழியா அவனே போயிடுவான். எங்க வச்சிருக்கே அதை?"

எழுந்து போய்ச் சாப்பாட்டுப் பையிலிருந்து எடுத்து வந்தேன். மூன்று வாரம் கையில் வைத்திருந்தும் நான் அதைப் பார்த்திருக்கவில்லை. டயரைப் பார்ப்பது போல அப்போதுதான் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். இடது குச்சியின் மேல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, இடது ஓரம் கிழிந்து உள்ளே வெள்ளை தெரிந்தது. வலது குச்சியில் சின்னச் சின்ன மேடுகள்கூட அப்படியே இருந்தன. வலது பக்கப் பொத்தான்கள் கடையில் வாங்கிய பளபளப்பு மாறாமல் இருந்தன. இரண்டு கையால் பிடித்து ஆடும் ஒரு பொருள் ஒரு பக்கம் மட்டும் எப்படித் தேயும்? ஒரு சக்கரம் மொட்டையாகி மற்றது புதிதாக இருந்தால், ஓட்டியவரிடம் நான் கேட்காமல் விட்டதில்லை.

"இது ஏன் இந்தப் பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு?"

"இடது கையால மட்டும்தானே பிடிப்பேன்," என்றாள். "வலது கையில என்னோடது இருக்கும்ல."

"ரெண்டையும் நீயேவா?"

"நீ அப்புறம் வரேன், அப்புறம் வரேன்னு சொல்லுவே. ஆட்டம் ஆரம்பிக்க ரெண்டு பேர் வேணும். அதான், உன்னோடதையும் நானே ஆடுவேன்." தோளைக் குலுக்கினாள். பெரிய விஷயமில்லை என்கிற குலுக்கல். "கூடையில போடறப்ப மட்டும் முகவாயால பொத்தானை அமுக்குவேன். கொஞ்சம் கஷ்டம்தான்."

டிவியில் ஏழாம் நம்பர் பந்தைத் தட்டிக்கொண்டே நின்றான். பேசியே பிழைக்கும் என் சகலை, தன் கன்ட்ரோலரை ஓசைப்படாமல் தரையில் வைத்தான். அடுப்படி வாசலில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"யார் ஜெயிப்பா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"நீதான். வலது கையால என் ஆளை நகர்த்த முடியாதே. அவன் நின்ன இடத்துலயே நிப்பான். நீ சுத்திச் சுத்தி ஓடிப் போடுவே."

சகலை தொண்டையைச் செருமினான். "சுண்டு, அண்ணா பேரையே எழுதிடு. நான் பார்க்க வரேன், கை தட்டறேன். என்னண்ணா?"

அந்த ஒரு நிமிடம் அவன் மேல் எனக்கு இருந்த எரிச்சல் வேறு எப்போதும் இருந்ததில்லை. எனக்காக விட்டுக்கொடுக்க அவன் யார்? ஆனால் 'எழுதும்மா' என்று சொல்ல என் நாக்கு துடித்ததும் உண்மை.

என் மகள் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து படிவத்தை எடுத்து வந்தாள். தரையில் வைத்துக் குனிந்து எழுதினாள். 'உறவுமுறை' என்கிற கோட்டில் அவள் முதலில் எழுதிய எழுத்து 'சி'.

"எனக்கு ஜெயிக்கணும்ப்பா," என்றாள் நிமிராமலேயே. "கோச்சுக்காதே. ஜெயிக்கிறவங்க பேரைத்தானே எழுதச் சொன்னே."

"சொன்னேன்."

"இங்க நீ கையெழுத்துப் போடணும்." கடைசிக் கோட்டைக் காட்டினாள். 'பெற்றோர் சம்மதம்.'

என் சகலையின் பெயருக்கு நேர் கீழே சம்மதம் என்று நானே கையெழுத்துப் போட்டேன். வயிறு எரிந்ததா என்றால், எரிந்தது. குறைந்ததாகச் சொன்னால் பொய்.

அவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய பிறகு, திங்கட்கிழமை வரை காத்திருக்க முடியாது என்று போய்ப் பட்டறையைத் திறந்து பழைய பெட்டியை வீட்டுக்கே தூக்கி வந்தேன். டிவியில் மாட்டினேன். என் மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"உன்னோட பழைய கன்ட்ரோலர் எங்கே?" என்றேன். "எடுத்துக்கிட்டு வா. ஒரு ஆட்டம்."

"இப்பவா? உன்னோடது இழுக்குமேப்பா. நீ நல்லதை வச்சுக்கோ, நான் அதை எடுத்துக்கறேன்."

"வேணாம். அதுல என் பேர் இருக்கு."

பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தன்னுடையதை இரண்டு கையாலும் பிடித்தாள். அவளுடைய ஆள் நகர்ந்தான். கதவில் தட்டினான், ஜன்னலில் போனான், என் முதுகுக்குப் பின்னால் போனான். நான் சுற்றிச் சுற்றி ஓடியும் அவன் நிழலைக்கூடத் தொட முடியவில்லை. இருபத்தொன்றுக்கு நாலு. நான் போட்ட நாலைக்கூட அவள் முறைத்துக்கொண்டேதான் பார்த்தாள். ஒரு புள்ளி விட்டுத் தரவில்லை.

"இன்னொண்ணு?" என்றாள்.

"ம்," என்றேன். கட்டைவிரலை அந்தக் கிழிந்த ரப்பர் மேல் வைத்தேன். அது ஒரு சின்னக் கட்டைவிரலுக்குச் சரியாகக் குழிந்திருந்தது. என்னுடையது அதில் முழுதாக அமரவில்லை. சகலையை அந்த நேரம் நான் மறந்தே போயிருந்தேன். இத்தனை நாள் என் பெயரை ஒட்டிக்கொண்டு, அவள் கூப்பிட்டபோதெல்லாம் வந்து ஆடி, ஆடியதெல்லாம் ஜெயித்த அவளுடைய இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது.